பௌர்ணமிக் கூலி

திருவண்ணாமலை
15.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஷிப்ட் மாறிய பிறகு உன் தலைவலி விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இந்தக் காலத்தில் தபால் என்னத்துக்கு என்று சிரிப்பாய். அம்மாவின் போன் லாட்ஜில் கொடுத்தது, சிம்மும் அவர்களுடையது. மேனேஜர் பிரசாத் சார் வாரத்துக்கு ஒருமுறை பெண்கள் எல்லோருடைய போனையும் வாங்கி, “குரூப்ல மெசேஜ் வருதானு பாக்கறேன்” என்று சொல்லி மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். அதனால்தான் கடிதம். அம்மா தூங்கிய பிறகு ஜெனரேட்டர் ரூம் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வாட்ச்மேன் செருப்புச் சத்தம் கேட்டால் நோட்டை மூடிவிடுவேன். எழுத்து எங்காவது கோணியிருந்தால் அந்த இடத்தில் அவர் வந்தார் என்று வைத்துக்கொள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆபீஸ் ரூமுக்கு ஒரு வேலையாகப் போனேன். என்ன வேலை என்று கேட்காதே. பீரோவுக்குப் பின்னால் ஒரு போர்டு சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ‘குறைந்தபட்ச ஊதியம்’ என்று போட்டு, ரூம் சுத்தம் செய்கிறவர்களுக்கு மாதம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அம்மா ஏழாயிரத்து ஐந்நூறு வாங்குகிறாள். போர்டில் இருப்பது கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. அது நிஜமா? அப்படியென்றால் ஏன் யாரும் கேட்பதில்லை?

அம்மாவின் செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். போன பௌர்ணமிக்கு நாற்பத்திரண்டு ரூமையும் ஆறு பேர் இரண்டு தடவை துடைத்து விரித்தார்கள். மறுநாள் அவளுக்கு முட்டியை மடக்க முடியவில்லை.

பதிலை வேங்கிக்காலில் என் கிளாஸ்மேட் பூஜாவின் அப்பா ஜெராக்ஸ் கடை முகவரிக்குப் போடு. கவர் மேல் பூஜா பெயர் மட்டும் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போடு.

அன்புத் தங்கை,
மதி

ஸ்ரீபெரும்புதூர்
24.6.2025

மதிக்கு,

அக்கா எழுதுவது. தலைவலி இருக்கிறது, தைலமும் இருக்கிறது. ஆக மொத்தம் நலம். உன் கடிதத்தை ஹாஸ்டலில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். படிக்க இல்லை, தபால்தலையைப் பார்க்க.

போர்டில் இருப்பது நிஜம்தான். அது முதலாளி இஷ்டப்பட்டால் கொடுப்பது இல்லை, கொடுத்தே ஆக வேண்டியது. எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் சட்டம். அதனால்தான் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏன் யாரும் கேட்பதில்லை என்றால், உன் அம்மாவைக் கேள். அப்பா செத்த மாதம் தருமன் முதலாளி லாட்ஜுக்குப் பின்னால் ஒரு ரூம் கொடுத்தார். அந்த ரூமுக்கு ஒன்பது வருஷமாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் செருப்புக்கென்று அனுப்பிய பணத்தை இரண்டு முறை திருப்பிவிட்டாள். மூன்றாவது முறை நான் அனுப்பவில்லை.

அந்த முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

நீ எதற்காக ஆபீஸ் ரூமுக்குப் போனாய்?

கவிநிலா

திருவண்ணாமலை
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். ஒத்தடம் கொடுத்தேன். “யாருடி சொல்லிக் குடுத்தது?” என்றாள். டிவியில் பார்த்தேன் என்றேன். நம்பவில்லை, ஆனால் காலை நீட்டினாள்.

ஆனிப் பௌர்ணமி முடிந்தது. சாதாரண நாளில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் ரூம் அன்றைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூர்க்காரர் ஒருவர் ஒரு ராத்திரி தூங்கியதற்குக் கொடுத்த பணத்தைச் சம்பாதிக்க அம்மா இருபத்தாறு நாள் வேலை செய்ய வேண்டும். அவர் ராத்திரி முழுக்க கிரிவலம் போயிருந்தார். அந்தக் கட்டிலில் படுக்கவே இல்லை.

பௌர்ணமி ராத்திரி வேலைக்குத் தனியாகக் கூலி கிடையாது என்பது உனக்குத் தெரியும். அது சேவையாம். முதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்று, “இது அண்ணாமலையாரைப் பாக்க வர்றவங்களுக்குச் செய்யற கைங்கரியம்மா, இதுக்குப் போயி கூலி வாங்கினா புண்ணியம் போயிடும்” என்றார். அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வரும் ஜோதியம்மாள் அத்தை தலையணை உறையை உதறிக்கொண்டே, “அப்போ ரூம் வாடகை வாங்கினா புண்ணியம் போவாதாங்க ஐயா?” என்றார். முதலாளி சிரித்தார். பிரசாத் சார் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு அத்தை மேல் கோபம். “கூலிய பத்தி எது வேணா பேசு ஜோதி. பௌர்ணமியத் தொடாத. அது என் வேண்டுதல்” என்றாள். அப்பா போனபோது வேண்டிக்கொண்டாளாம், பன்னிரண்டு வருஷம் பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குக் கைவேலை செய்கிறேன், என் இரண்டு பெண்களும் கரையேற வேண்டும் என்று. இரண்டு பெண்களும் என்றுதான் சொன்னாள், அக்கா.

ஆபீஸ் ரூமைப் பற்றி நீ கேட்டாய். இப்போது வாட்ச்மேன் வருகிறார். இத்துடன் முடிக்கிறேன்.

மதி

ஸ்ரீபெரும்புதூர்
22.7.2025

மதிக்கு,

நலம். இங்கே மழை, துணி காயவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அக்கறை உள்ள ஒருவர் என்று போட்டு, நானே இங்கிருந்து தபாலில் அனுப்பிவிட்டேன். நீ எதையும் எழுதிப் போடாதே. மாவட்டக் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கினவள் நீ. உன் எழுத்து அச்சு மாதிரி. ஒரு வரி பார்த்தாலே தெரியும்.

ஒன்று யோசித்துப் பார். இங்கே கம்பெனியில் எனக்கு அரசாங்கம் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி வருகிறது. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் போக மிச்சம் இருப்பதில் ஒரு பல்லைப் பிடுங்க இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்தப் போர்டில் இருக்கிற தொகையையே இன்னும் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. உங்களுக்கு அந்தப் பழைய தொகையே பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. கூலி ஏற்றினால் கடையை மூடிவிடுவார்கள் என்று உங்கள் மேனேஜர் சொல்வார். ஆறு பேர் நாற்பத்திரண்டு ரூம். இதில் யாரை நிறுத்துவார், கேட்டுப் பார்.

மனு போனது யாருக்கும் தெரிய வேண்டாம். உன் அம்மாவுக்குக் கூட.

கவிநிலா

திருவண்ணாமலை
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் அப்படித்தான் என்று எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கொடுத்த ஜூஸைக் குடிக்கவில்லை. அவர் வருவது எப்படியோ தெரிந்து, காலையிலேயே போர்டு வரவேற்பு அறையில் மாட்டியாகிவிட்டது. சுவரில் ஆணி அடித்த தூசி கூடத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டியவர்களை முதலாளிக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

“சம்பளம் இந்தத் தொகை வாங்கறீங்களாம்மா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா தலையாட்டவில்லை. “வாங்கறோங்க” என்று சத்தமாகச் சொன்னாள்.

சம்பள ரிஜிஸ்டரிலும் எல்லாம் சரியாக இருந்தது. போர்டில் இருக்கிற தொகை ரூபாய் குறையாமல் இருந்தது. ஜூலை பத்து பௌர்ணமிக்கு ஆறு பேருக்கும் இரட்டைக் கூலி கொடுத்ததாகவும் இருந்தது. அம்மாவுடையது நாலாவது வரி. எதிரே அவள் கையெழுத்து. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, “எழுத்து ரொம்ப அழகா இருக்கே” என்றார். அவர் மேல் என்ன தப்பு? காகிதம் சொன்னதைத்தானே அவர் நம்ப முடியும்.

அவர் போன பிறகு பிரசாத் சார் எங்கள் ரூம் வாசலில் வந்து நின்று, “மனு எழுதினவங்க யாருனு கண்டுபுடிச்சா அன்னிக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ரூம் சும்மா குடுத்தது, ஞாபகம் இருக்கட்டும்” என்றார். இந்த ரூம் போனால் நாங்கள் எங்கே போவோம்? பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கிறது.

உடனே பதில் போடு.

மதி

திருவண்ணாமலை
7.9.2025

அக்கா,

நலமா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தினமும் ஜெராக்ஸ் கடையில் கேட்கிறேன். பூஜாவின் அப்பா என்னைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார். உன் கடிதம் யார் கையிலாவது சிக்கிவிட்டதா? இல்லை, உனக்குக் காய்ச்சலா? இல்லை, என் மேல் கோபமா?

இன்றைக்குப் பௌர்ணமி. சந்திர கிரகணமும் சேர்ந்துகொண்டது. அம்மா இன்னும் மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறாள்.

ஒரு வரி போதும்.

மதி

ஸ்ரீபெரும்புதூர்
14.9.2025

என் மதிக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. எழுத உட்கார்ந்து நாலு முறை கிழித்துப் போட்டேன்.

பூட்டி வைத்திருக்கிற ரிஜிஸ்டரில் அம்மா பெயர் நாலாவது வரி என்று உனக்கு எப்படித் தெரியும்? எழுத்து அழகாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னதை எழுதினாயே, அந்த வரியில் மட்டும் பேனா அழுந்தியிருக்கிறது. அங்கே வாட்ச்மேன் வரவில்லை, மதி.

உன்னைத் திட்ட இந்தக் கடிதம் இல்லை. திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. சம்பள நாளில் தொகைக் கட்டம் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்குவார்கள். பிறகு சாயந்திரம் நல்ல கையெழுத்து உள்ள ஒருத்தியைக் கூப்பிட்டு, ஒரு பேப்பரைக் கொடுத்து, “பாத்து எழுதும்மா” என்பார்கள். ஒரு டெய்ரி மில்க் சாக்லேட் கொடுப்பார்கள். 2022 ஜூனிலிருந்து பத்து மாதம் அந்த ஒருத்தி நான்.

என்ன எழுதுகிறேன் என்று புரிந்த அன்றைக்கு மாட்டேன் என்று சொன்னேன். “ரூம் குடுத்தவருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா உன் கை தேஞ்சிடுமா?” என்று உன் அம்மா எல்லோருக்கும் முன்னால் அறைந்தாள். நான் கிளம்பிவிட்டேன். அடுத்து உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். மூன்று வாரம் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம்.

பௌர்ணமிக் கட்டம் என் காலத்தில் இல்லை. அது புதுசு.

கவிநிலா

திருவண்ணாமலை
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இந்த முறை நிஜமாகவே.

எனக்கு முதல் நாளே தெரியும். பழைய நோட்டைப் பார்த்து எழுது என்று கொடுத்தார்கள். திறந்தால் உன் ‘ழ’. அதன் வாலை நீ மட்டும்தான் அப்படிச் சுழிப்பாய். நீ எழுதியிருக்கிறாயே, அப்படியானால் தப்பாக இருக்காது என்று நானும் எழுதினேன். பிறகு தப்பு என்று தெரிந்தபோது, உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகுமே என்று சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த ராத்திரி அம்மாவை எழுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதிகத் தொகையைப் பற்றிச் சொன்னபோது, “தெரியும்டி. ஊர் முழுக்க அப்படித்தான்” என்று திரும்பிப் படுத்தாள். பௌர்ணமிக் கட்டத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள்.

“எது, டபுள் கூலி வாங்கினேன்னா?”

“ஆமாம்மா. ஏப்ரலிலேர்ந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும்.”

“என் பேர்லயா? என் கையெழுத்துக்கு நேரா?”

“ஆமாம்மா.”

“ஒன்பது வருஷமா சாமிக்குச் செஞ்சது. கூலிக்கு வித்துட்டேன்னு எழுதி வெச்சிருக்கானா அவன்?”

“எழுதினது நான்தான்மா.”

அறைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சீப்பை எடுத்து, அந்த நேரத்தில் எனக்குத் தலை வாரிப் பின்னினாள். மண்டை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னினாள். பின்னி முடித்து, “கவியையும் இதத்தான் எழுதச் சொன்னானா?” என்றாள். பௌர்ணமி மட்டும் இல்லை, மற்றதெல்லாம் இதுதான் என்றேன். விடியும்வரை அவள் படுக்கவில்லை.

காலையில் ஜோதியம்மாள் அத்தையிடம் சொன்னாள். அத்தைக்குக் கூலி திருடு போனது கோபம். அம்மாவுக்கு வேண்டுதல் திருடு போனது கோபம். இரண்டு கோபமும் சேர்ந்து மொட்டை மாடியில் பெட்ஷீட் காயப்போடும் இடத்தில் தினமும் கூடிப் பேசுகின்றன. நான் போனால், “நீ போய்ப் படி” என்கிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி பௌர்ணமி. என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. ஆனால் இது வேறு மாதிரிப் பயம்.

மதி

திருவண்ணாமலை
8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பாதத்தில் மட்டும் கொப்புளம்.

திங்கட்கிழமை காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. வயிற்றுவலி என்று சொல்லி நான் போகவில்லை. மன்னித்துக்கொள். பகல் பன்னிரண்டுக்கு முப்பத்தொரு ரூம் காலியானது. மூன்று மணிக்கு அடுத்த கூட்டம் வந்து வரவேற்பறையில் பெட்டியோடு நின்றது. ஆந்திராவிலிருந்து இரண்டு வேன். அப்போது மாடியிலிருந்து ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். குளித்து, ஈரத் தலையை முடிந்து, நெற்றியில் திருநீறு பூசி, வெறுங்காலோடு. அம்மா முப்பத்தொரு சாவியையும் மேஜை மேல் வைத்தாள்.

பிரசாத் சார், “ரூமெல்லாம் ரெடியா?” என்றார்.

“இல்லைங்க. நாங்க சேவைக்குப் போறோம்.”

“எங்க?”

“கிரிவலம்.”

“இன்னா விளையாடறீங்களா? இன்னிக்கா?”

“பௌர்ணமி இன்னிக்குத்தானே சார் வருது” என்றார் ஜோதியம்மாள் அத்தை. “கூலி இல்லாத வேலைதானே? அதை நேரா சாமிக்கே செஞ்சுட்டு வந்துடறோம். நடுவுல லாட்ஜ் எதுக்கு?”

அவர் கதவை மறித்திருப்பார். ஆனால் ஆந்திரா கூட்டத்துக்குக் கிரிவலம் என்ற வார்த்தை புரிந்துவிட்டது. ஒரு பாட்டி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, “அருணாச்சலா” என்று வழி விட்டார். எல்லோரும் விட்டார்கள். நான் கடைசியாக ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அக்கா, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அம்மா ஒன்பது வருஷமாகப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றியதே இல்லை. அன்றைக்கு அவள் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியெல்லாம் அத்தை, “முப்பத்தொரு ரூம், முப்பத்தொரு ரூம்” என்று மந்திரம் மாதிரிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வாயு லிங்கம் தாண்டியதும் முதலாளியின் அன்னதானப் பந்தல். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவரே கரண்டி பிடித்துச் சாம்பார் சாதம் போடுவார். வரிசையில் நின்றோம். பாக்குமட்டைத் தட்டை அம்மா நீட்டினாள். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவருடைய போன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

“ஏம்மா சரோஜா, ஜனங்க அங்க கத்திக்கிட்டு நிக்கறாங்களாமே. ரூம் யாரு பாக்கறது?”

“சேவைங்க ஐயா. நீங்க இங்க வந்து செய்யறீங்க. நாங்களும் இங்கயே வந்துட்டோம்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தி, “ரூம் குடுத்தவன்கிட்ட இப்படிப் பேசலாமா?” என்றார். அம்மா தாழ்த்தவில்லை. முன்பு அதிகாரிக்குச் சொன்னாளே, அதே சத்தத்தில் சொன்னாள்.

“நான் பௌர்ணமிக்குக் கூலி வாங்கினேன்னு உங்க நோட்டுல எழுதியிருக்கு. வாங்கல. வாங்கினேன்னு எழுதினா நான் சாமிக்குச் செஞ்சது இல்லன்னு ஆயிடும். ஒண்ணு அத அடிங்க. இல்ல, குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சாத்தான் ஐயா இந்தத் திருநீறு உங்களுக்கும் நிக்கும், எனக்கும் நிக்கும்.”

வரிசையில் நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் முதலாளியின் நெற்றியைப் பார்த்தார்கள். அவர் தட்டில் சாதத்தைப் போட்டார்.

ஜோதியம்மாள் அத்தை அடுத்து நீட்டி, “எனக்குச் சாம்பார் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்துங்க ஐயா” என்றார். ஊற்றினார்.

நேற்றுக் காலையில் பிரசாத் சார் வந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மா, “சரிங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மற்ற ஐந்து பேரும் போய், சரோஜா போனால் நாங்களும் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன என்று தெரியவில்லை. நான் புத்தகங்களை மட்டும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

மதி

ஸ்ரீபெரும்புதூர்
13.10.2025

என் மதிக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாகப் படித்தேன். சாம்பார் இடத்தில் கை தட்டினார்கள். வார்டன் வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டார்.

இப்போது பின்வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். இந்த முறை மொட்டை மனு வேண்டாம். ஆறு பேரும் பெயர் போட்டு, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் நேரில் கொடுக்கட்டும். விசாரிக்க வந்தால் முதலாளி இல்லாத இடத்தில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கட்டும். அந்த ரிஜிஸ்டரில் பத்து மாதம் நான் எழுதினேன் என்று நான் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் பதினாறு வயது, எழுத வைத்தது அவர்கள் தப்பு. பயப்படாதே.

டிசம்பர் மூன்று தீபம். நாற்பத்திரண்டு ரூமும் எப்போதோ புக் ஆகியிருக்கும். அதுவரைக்கும் யார் கை மேலே என்று யோசி.

அம்மா கால் கொப்புளத்துக்கு மஞ்சள் வைக்கச் சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

அக்கா

திருவண்ணாமலை
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதை ராத்திரியில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஞாயிறு போய் இன்னொரு ஞாயிறும் வந்தது, ரூமை யாரும் காலி செய்யவில்லை. பிரசாத் சார் வேறு ஆட்களைத் தேடினார். கிரிவலப் பாதை முழுக்கக் கதை பரவியிருந்தது. வந்த இரண்டு பேரும், “போர்டு எங்க மாட்டியிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மனு கொடுத்த பத்தாம் நாள் அதே அதிகாரி வந்தார். இந்த முறை அடி அண்ணாமலையில் ஜோதியம்மாள் அத்தை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். உன் காகிதத்தைப் படித்தார். என் நோட்டையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு நான் பாராட்டினது உன்னையாம்மா?” என்றார். தலையைக் குனிந்தேன். “நிமிரு” என்றார்.

முதலாளி இறங்கி வந்துவிட்டார். அதிகாரி முன்னால் பேச்சு நடந்தது. “போர்டுல இருக்கற தொகை குடுத்துடறேன், அதுதானே கணக்கு” என்றார். அத்தை விடவில்லை. “ஐயா, குறைஞ்சபட்சம்னா அதுக்குக் கம்மியாக் குடுக்கக் கூடாதுன்னுதான் அர்த்தம். அதுக்கு ஜாஸ்தியாக் குடுத்தா போலீஸ் புடிக்காது.” பிரசாத் சார், கூலி ஏறினால் இரண்டு பேரை நிறுத்த வேண்டி வரும் என்றார். முதலாளியே அவரைத் திரும்பிப் பார்த்து, “முப்பத்தொரு ரூமை நீ போய் விரிக்கறியா?” என்றார்.

கடைசியில் முடிவானது இது: போர்டு தொகைக்கு மேல் ஐந்நூறு. பௌர்ணமிக்கு இரட்டைக் கூலி. பழைய பாக்கி மூன்று தவணை. அம்மா கடைசியாக ஒன்று கேட்டாள். எல்லோரும் திகைத்துவிட்டார்கள். “எங்க ரூமுக்கு மாசா மாசம் வாடகை வாங்கிக்கோங்க. ரசீது குடுங்க. சும்மா குடுத்த ரூம்னு இனிமே யாரும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது.”

முதல் சம்பளம் வெள்ளிக்கிழமை. காலிக் கட்டத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் தொகை எழுத வேண்டும், பிறகு எண்ணிப் பார்ப்போம், பிறகு கையெழுத்து என்றார்கள். பிரசாத் சார் என்னைப் பார்த்து, “மதி, கொஞ்சம் எழுதிக் குடும்மா” என்றார். எனக்கு வரவு செலவுப் பாடம் படிக்க இருக்கிறது என்றேன். அவரே எழுதினார். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஆறு பேரும் சுற்றி நின்று, “அது ஒண்ணா ஏழா சார்?” “இந்த சைபர் மூடலயே சார்” என்று ஒவ்வொரு கட்டமாகத் திருத்தினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு அவ்வளவு அழகான ரிஜிஸ்டரைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நேற்றுப் பக்கத்து லாட்ஜில் வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் வந்து, மனு எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். அதை நான் எழுதிக் கொடுத்தேன். நல்ல எழுத்தில்.

அம்மா உனக்குத் தனியாக எழுதி ஒட்டியிருக்கிறாள். என்னைப் படிக்க விடவில்லை.

உன் மதி

திருவண்ணாமலை
9.11.2025

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. பல்லு வலி எப்படி இருக்கு. மதிகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்.

அன்னிக்கு உன்ன அடிச்சது தப்பு. நீ எழுதமாட்டேன்னு சொன்னதுதான் சரி. இத எழுத எனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு.

தீபத்துக்கு வா. அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு, டபுள் கூலி, அத விடமாட்டேன். மறுநாள் லீவு சொல்லிட்டேன். அன்னிக்கும் பௌர்ணமிதான். வேண்டுதல் இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு, இனிமே அத நடந்தே தீக்கறேன். மூணு பேரும் சேந்து மலைய சுத்தலாம்.

வரும்போது எனக்குச் செருப்பு எதுவும் வாங்கிட்டு வராத. நானே வாங்கிட்டேன். நானூத்தி இருபது ரூபா, நல்ல தோலு. நீ வந்ததும் காட்டறேன். கிரிவலத்துக்கு அத வீட்லதான் விட்டுட்டு வரணும்.

அம்மா
சரோஜா